செய்தவர்: ரென்சி, நாலாம் வகுப்பு

அந்தப் பையில என்ன தங்கச்சி, கலர் பேப்பரா? ஐஸ் குச்சி வேற கட்டுக்கட்டா இருக்கு. கம்மு, ஜிகினா, பஞ்சு... சரிதான். லீவு விட்டாச்சு, பிள்ளையள வச்சுக்கிட்டு வீட்ல கைவேலை செய்யப் போறீங்க. செல்லுல பாத்திருப்பீங்க. ஒருத்தி சிரிச்சுக்கிட்டே ஒரு பழைய பாட்டில எடுப்பா, அதுல ரெண்டு பூவ ஒட்டுவா, அஞ்சு நிமிசத்துல அழகான பரிசு தயார்னுவா. அவ வீட்டுத் தரையக் காட்டுதாளா? காட்ட மாட்டா. அந்தக் கம்மு காஞ்ச பெறகு யாரு கத்தியால சுரண்டுதான்னு காட்டுதாளா? அதையும் காட்ட மாட்டா.

நல்லா நகந்து உக்காருங்க. தூத்துக்குடிதான? நானும் அங்கதான். எம் பிள்ளை பாளையங்கோட்டையில ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கா, அவளப் பாத்துட்டு வாரேன். பஸ் ஊரு போய்ச் சேர ஒரு மணி நேரம் இருக்கு. உங்க நல்லதுக்கு ஒண்ணு சொல்லுதேன், கேட்டா கேளுங்க, கேக்காட்டி உங்க இஷ்டம்.

பிள்ளையள் கையால செய்யுததுக்கு ஒரு பேரு இருக்கு. குப்பை. நான் யாரையும் புண்படுத்தணும்னு சொல்லல, உள்ளதச் சொல்லுதேன். ஆடுன்னு சொல்லி ஒண்ணக் கொண்டுவரும், பாத்தா பெருச்சாளி மாதிரி இருக்கும். அத வாங்கி அலமாரியில வச்சு, வாரவுக போறவுககிட்டயெல்லாம் "எம் பிள்ளை செஞ்சது, எம் பிள்ளை செஞ்சது"ன்னு காட்டுத அம்மாக்காரிய இருக்காளுவளே, அவளுவளப் பாத்தா எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வரும். பிள்ளைக்குத் தெரியாது, சரி. உனக்குக் கண்ணு எங்க போச்சு?

எனக்குக் கைவேலை தெரியாது, அதான் எரிச்சல்ல பேசுதேன்னு நினைச்சிராதீங்க. எங்க பங்குக் கோயில்ல போய்க் கிளாடிஸ் வீட்டுக் குடில்னு கேட்டுப் பாருங்க. கிறிஸ்மஸ்க்குக் குடில் போட்டி வைப்பாவ. சாமியாரும் சிஸ்டரும் வீடு வீடா வந்து பாப்பாவ. மூணு வருசம் தொடந்து முதல் பரிசு எங்க வீட்டுக்குத்தான். வேற தெருவுல இருந்தெல்லாம் பாக்க வருவாவ. வந்து நின்னா வாய மூட மாட்டாவ.

சும்மா வருமா? பத்து நாளைக்கு முந்தியே தட்டுல மண்ணு பரத்தி கேப்பை வெதச்சிருவேன். அது முளைச்சு நிக்கும்போது நிஜப் புல்லுத்தரை. பழுப்புத் தாளக் கசக்கி, கருப்பும் பச்சையும் தெளிச்சு மலை. சின்ன மோட்டர் வச்சு அருவி, அந்தத் தண்ணி திரும்பவும் மேல ஏறும். மரத்தூள்ல ரோடு. சுரூபப் பொம்மை எல்லாம் ஒரே அளவு, ஒரே செட்டு. மாதா, சூசையப்பரு, மூணு ராசாக்கள், இடையர், சிறகு வச்ச சம்மனசு. எந்த ஆடு எங்க நிக்கணும், எந்தப் பக்கம் மொகத்தத் திருப்பி நிக்கணும், எல்லாம் எனக்கு மனசுல ஒரு கணக்கு இருக்கும். ஒரு ஆடு அரை விரக்கடை தள்ளி இருந்தாலும் எனக்குச் சோறு இறங்காது.

போட்டிக்கு ஒரு விதி வச்சிருக்காவ. பிள்ளையளே செய்யணுமாம். வீட்ல கெடக்குத பொருளை வச்சு பிள்ளையளே செய்யணும், ஒவ்வொரு பிள்ளையும் தெய்வப் பாலனுக்குக் கையால ஒரு பரிசு செஞ்சு குடிலுக்கு முன்னால வைக்கணும். ஞாயித்துக்கிழமைப் பூசையில வாசிப்பாவ. வாசிக்கத்தான் செய்வாவ. எந்த வீட்ல பிள்ளை செய்யுது? எல்லா வீட்லயும் அம்மாக்காரிதான் செய்யுதா, ஊருக்கே தெரியும். நானும் விதிய மீறல. குடிலுக்கு முன்னால ஒரு அட்டை வைப்பேன். "செய்தவர்: ரென்சி, நாலாம் வகுப்பு." கொட்டை எழுத்துல, ஜிகினா தூவி. பேரு அவ பேருதான போடுதேன்? எம் பேரையா போடுதேன்? ஒரு பிள்ளைக்கு இதுக்கு மேல என்ன வேணும் சொல்லுங்க.

அவளையும் கூட வச்சுச் செஞ்சு பாத்தேன், இல்லன்னு சொல்லல. மூணாம் வகுப்பு படிக்கும்போது, "எம்மா, நான் ஸ்டார் ஒட்டுதேன், நான் ஒட்டுதேன்"னு காலச் சுத்திக்கிட்டே கெடந்தா. சரி தொலையட்டும்னு கொடுத்தேன். ஒரு முனை மேல போகுது, ஒரு முனை கீழ போகுது. கம்மு வழிஞ்சு மலையெல்லாம் சளி பிடிச்ச மாதிரி. நான் அவளத் திட்டல தங்கச்சி. சத்தியமா ஒரு வார்த்தை திட்டல. மறுநாள் அவ பள்ளிக்கூடம் போன பெறகு அதப் பிச்சு எடுத்துட்டு, நானே புதுசா ஒண்ணு வெட்டி ஒட்டிட்டேன். சாயங்காலம் வந்தா, பாத்தா. "நல்லாருக்கும்மா"ன்னா. போய்க் கை கால் கழுவிட்டா. அவ்வளவு புரிஞ்ச பிள்ளை. வேற பிள்ளையா இருந்தா வீட்டையே ரெண்டாக்கிருக்கும்.

இப்ப சங்கதிக்கு வாரேன். எங்க அடுத்த வீட்ல ஒருத்தி இருக்கா, பிலோமினா. பிலோ பிலோன்னு கூப்பிடுவோம். புருசன் லோடு ஆட்டோ ஓட்டுதான். மூணு பிள்ளைய. வீட்டுக்குள்ள போனா கால் வைக்க இடம் இருக்காது, அப்படி ஒரு சீரு. கதவ எப்பவும் தொறந்தே போட்டிருப்பா. அடுப்புல மைதாவக் கிண்டிப் பசை காச்சி, அத அப்படியே சட்டியோட நடுவீட்ல வச்சிருப்பா. சுத்தி நாலு பக்கமும் பிள்ளைய உக்காந்து, செருப்பு வந்த அட்டைப்பெட்டி, பழைய கல்யாணக் காயிதம், முட்டை ஓடு, சிரட்டை, தீப்பெட்டின்னு ஊருல உள்ள சண்டு சவறெல்லாம் போட்டு ஒட்டிக்கிட்டு இருக்கும். அவளும் கூட உக்காந்து பிள்ளை மாதிரி ஒட்டுவா. முப்பத்தஞ்சு வயசு ஆச்சு அவளுக்கு! சோறு வடிச்சாளா, துணி மடிச்சாளா, ஒண்ணும் கிடையாது. கேட்டா, "லீவுதானக்கா"ன்னு ஒரு சிரிப்பு.

போன வருசம் டிசம்பர்ல குடில் வேலை நடக்கும்போது ரென்சி வீட்ல இருந்தா எனக்கு வேலை ஓடாது. தொடாதன்னா தொட மாட்டா, அது வேற. ஆனா பக்கத்துலயே நிப்பா. மூச்சு விட்டுக்கிட்டே நிப்பா. "எம்மா, அந்த ஆடு ஏன் தனியா நிக்கி? எம்மா, இந்த ராசாவுக்குக் கால் வலிக்காதா?" நான் புல்லத் தட்டோட தூக்கி வைக்கணும், கை நடுங்கக் கூடாது, இவ காதுல வந்து ராசாவுக்குக் கால் வலிக்குதுங்கா. அதான் நானே சொன்னேன். "போ, பிலோ சித்தி வீட்ல போய் விளையாடு. நான் கூப்பிடுத வரைக்கும் வராத." முதல் நாள் போக மாட்டேன்னு நின்னா. நான்தான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வந்தேன். அப்புறம் அவளே போனா. தினம் சாயங்காலம் போனா. வரும்போது கையெல்லாம் பசை, தலையெல்லாம் பஞ்சு. நான் வாசல்லயே நிறுத்திக் கழுவி விட்டுத்தான் உள்ள விடுவேன்.

ஒரு நாள் அவுகப்பா வீடியோல பேசுனாவ. அவுக கப்பல்ல இருக்காவ, ஒம்பது மாசத்துக்கு ஒரு தடவை வருவாவ. நான் செல்லத் தூக்கிக் குடில ஒரு சுத்து காட்டுனேன். அருவி, மலை, லைட்டு எல்லாம் காட்டுனேன். "நல்லாருக்கு, பிள்ளை எங்க?"ன்னாவ. பக்கத்து வீட்லன்னேன். "பிள்ளையக் காட்டு"ன்னாவ. இந்த ஆம்பளைகளுக்கு ஒண்ணும் தெரியாது தங்கச்சி. பத்து நாள் உழைப்பு கண்ணுக்கு முன்னால நிக்கி, அத விட்டுட்டுப் பிள்ளையக் காட்டுங்காவ. பிள்ளை எங்க போயிருது?

போட்டிக்கு மொத நாள் மத்தியானம் குடிலத் தொடைக்கப் போறேன், மாதா சுரூபத்துக்குப் பக்கத்துல என்னமோ ஒண்ணு கெடக்கு. தீப்பெட்டி. நாலஞ்சு தீப்பெட்டிய ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, மேல ஒரு துண்டுத் துணி. எலி கிலி இழுத்துட்டு வந்து போட்டிருக்கும்னு நினைச்சேன். அருவருப்பா இருந்துச்சு. ரெண்டு விரலால எடுத்து, சுவருக்கு அந்தப் பக்கமா வீசிட்டேன். பிலோ வீட்டுப் பக்கம்தான். குப்பை அங்க இருந்துதான வந்திருக்கும், அங்கயே போகட்டும்.

சாயங்காலம் ரென்சி வந்தா. குடிலுக்கு முன்னால ஒரு நிமிசம் நின்னா. சுவருக்கு அந்தப் பக்கம் போனா. கொஞ்ச நேரங்கழிச்சு வந்து சாப்பிட்டுட்டுப் படுத்துட்டா. எனக்கு ஆயிரம் சோலி, நான் ஒண்ணும் கேக்கல.

மறுநாள் சாயங்காலம் வந்தாவ. பழைய சாமியாரா இருந்தா வாசல்ல நின்னு பாப்பாரு, "அடேயப்பா"ம்பாரு, ஒரு ரோஸ்மில்க் குடிப்பாரு, போயிருவாரு. மனுசன்னா அவருதான் மனுசன். போன வருசம் வந்தது புதுசு. மீசை கூட ஒழுங்கா முளைக்கல, அதுக்குள்ள பங்குச் சாமியார். ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு வாராரு. கூட அமலி சிஸ்டரும், மறைக்கல்வி சொல்லிக்கொடுக்குத ஒரு டீச்சரும். நான் பட்டுச்சேலை கட்டி, கேக்கு வெட்டித் தட்டுல வச்சு, எல்லாம் தயாரா நிக்கேன். வந்தவரு என்ன சொன்னாரு தெரியுமா? "அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க. நாங்க பிள்ளைகிட்டப் பேசுதோம்." எம் வீட்ல என்னயவே வெளிய நிக்கச் சொல்லுதாரு! நிக்க மாட்டேன்னா சொல்ல முடியும்? வாசல் திரைக்கு அந்தப் பக்கம் நின்னேன். திரைய லேசா விலக்கி வச்சுக்கிட்டேன், அதுல என்ன தப்பு.

நான் பிள்ளையத் தயார் பண்ணாம விடல. "எல்லாம் நான்தான் செஞ்சேன் சாமி, எங்கம்மா வயர் மட்டும் மாட்டித் தந்தாவ." இவ்வளவுதான். பத்து தடவை சொல்ல வச்சிருந்தேன். குளிக்கும்போது சொல்ல வச்சேன், சாப்பிடும்போது சொல்ல வச்சேன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவா.

சாமியாரு தரையில சம்மணம் போட்டு உக்காந்துட்டாரு. வெள்ளை அங்கி, மரத்தூளு, ஒண்ணும் பாக்கல.

"உம் பேரு என்ன?"

"ரென்சி."

"ரொம்ப அழகா இருக்கு ரென்சி. இதுல நீ செஞ்சதக் காட்டு பாப்போம்."

நான் திரைக்குப் பின்னால இருந்து கையக் காட்டுதேன், மலையக் காட்டுதேன், அருவியக் காட்டுதேன். அவ என்னயப் பாத்தா. நல்லாப் பாத்தா தங்கச்சி. பாக்காத மாதிரி இல்ல.

"நான் இதத் தொட்டதில்ல சாமி"ன்னா.

நான் திரைய இன்னும் விலக்குனேன்.

"நான் செஞ்சது அடுத்த வீட்ல இருக்கு. வாரீங்களா?"ன்னு கேட்டுட்டு, அந்த மனுசன் கையப் பிடிச்சுக்கிட்டா. அவரும் எழுந்திரிச்சு, "வாரேனே"ன்னு அவ பின்னால போறாரு. சிஸ்டரு போறாவ, டீச்சர் போறா. எம் வீட்ல அருவி ஓடிக்கிட்டு இருக்கு, லைட்டு மாறி மாறி எரியுது, பாக்க ஒரு ஆள் இல்ல. கேக்குல ஒரு துண்டு கூட எடுக்கல. நானும் பின்னாலயே போனேன். போகாம என்ன செய்ய?

பிலோ வாசல்ல நிக்கா, நைட்டியில கையத் தொடச்சுக்கிட்டு. உள்ள குடில்னு ஒண்ணு. செருப்புப் பெட்டி, தங்கச்சி! செருப்புப் பெட்டியக் கவுத்துப் போட்டுட்டு அதுக்குக் குடில்னு பேரு. கூரையில தேங்காய் நார். ராசாக்களுக்கு முட்டை ஓட்டுல தலை, அதுல ஒருத்தருக்கு மூக்கு இல்ல. ஆடெல்லாம் களிமண்ணு, நான் முந்தியே சொன்னேன்லா, பெருச்சாளி. சிரிப்பாணி அடக்க முடியல எனக்கு. ஆனா அந்த நேரத்துல யாரு சிரிப்பா.

"இதுல எது நீ செஞ்சது?"ன்னு சாமியாரு குனிஞ்சு கேக்காரு.

எம் பிள்ளை ஒண்ணத் தொட்டுக் காட்டுதா. ஒரு நாற்காலி. தீப்பெட்டிய அடுக்கி ஒட்டுன நாற்காலி. ஒரு கால் நசுங்கிப் போயி, அதுக்கு முட்டாக் குச்சியக் குடுத்திருக்கு. மேல மெத்தைன்னு பஞ்ச வச்சு ஒரு துணியச் சுத்தியிருக்கு. அந்தத் துணியப் பாத்தேன், என் பழைய நைட்டி! கரித்துணிக்குன்னு போட்டு வச்சிருந்தேன், அதுல ஒரு ஓரத்தக் கத்திரிச்சிருக்கா. அந்த நாற்காலியில களிமண்ணு மாதாவ உக்கார வச்சிருக்கு.

"இதான் என் பரிசு சாமி. மாதா உக்காருததுக்கு."

"எல்லாக் குடில்லயும் மாதா முட்டங்கால்லதான இருப்பாங்க?"

"அவுகளுக்கு வேலை நிறைய சாமி. உக்காரவே மாட்டாவ. உக்காந்தாத்தான மடி இருக்கும்?"

"சரி, பாலன எங்க வைப்ப?"

"பொறந்ததும் மடியிலதான். மாட்டுத் தொட்டியில போட்டா பிள்ளை தனியா கெடக்கும்லா."

அமலி சிஸ்டரு கண்ணாடியக் கழத்தித் தொடைக்காவ. இந்தப் பிலோ இருக்காளே, அவ என்னயப் பாக்கா. எதுக்கு என்னயப் பாக்கணும்?

நீங்களே சொல்லுங்க. மாதாவுக்கு எங்கயாவது நாற்காலி உண்டா? முன்னணைத் தொட்டியில கிடத்தினாங்கன்னு வேதத்துலயே எழுதியிருக்கு. ஒவ்வொரு வருசமும் வாசிக்காவ, நம்மளும் கேக்கோம். ஒரு சாமியாரு அதத் திருத்த வேண்டாமா? "அப்படி இல்லம்மா, தொட்டியிலதான் வைக்கணும்"னு சொல்லிக் கொடுக்க வேண்டாமா? அத விட்டுட்டுத் தலையத் தடவிக்கொடுத்துட்டுப் போறாரு. இப்படி இருந்தா பிள்ளைக்கு என்ன தெரியும்?

கிறிஸ்மஸ் அன்னைக்குக் காலைப் பூசை முடிஞ்சு பரிசு வாசிச்சாவ. முதல் பரிசு பிலோமினா வீட்டுக் குடில். அவ மூணு பிள்ளையளோட பேரையும் வாசிச்சிட்டு, நாலாவதா "ரென்சி"ன்னு வாசிச்சாவ. எம் பிள்ளை எழுந்திரிச்சுப் போறா. அந்த மூக்கொழுகிப் பிள்ளைய மூணும் இவளக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஒரே குதி. கோயிலே கை தட்டுது. எனக்கு ஆறுதல் பரிசு தந்தாவ, ஒரு பிளாஸ்டிக் டப்பா. நான் போய் வாங்கல. மூணு வருசம் முதல் பரிசு வாங்குனவ ஆறுதல் டப்பா வாங்கப் போவாளா?

அன்னைக்கே பிலோவக் கேட்டேன். வாசல்லயே நிறுத்திக் கேட்டேன், தெருவுக்கே கேக்கட்டும்னு. "எம் பிள்ளையச் சொக்க வச்சு, அவ கையால செய்ய வச்சு, நீ பரிசு வாங்கிட்ட. ஒரு பிள்ளைய அவ அம்மாவுக்கு எதிராத் திருப்பி விடுதது எந்த ஊரு நியாயம்?" நல்லாக் கேட்டேன். அவ கத்துவா, பதிலுக்கு நாலு கத்தலாம்னு பாத்தா, கத்தவே இல்ல. அதான் அவ கெட்டிக்காரத்தனம்.

"நீங்கதானக்கா கொண்டுவந்து விட்டீங்க"ன்னா.

"விளையாட விட்டேன். ஒட்டவா விட்டேன்?"

"அக்கா, அந்த நாற்காலிய அவ எங்க வீட்டுக் குடிலுக்குன்னு செய்யல. உங்களுக்குத்தான் செஞ்சா. ஒரு வாரமா உக்காந்து செஞ்சா. எங்கம்மா குடில்ல வைக்கப் போறேன், பாத்ததும் எங்கம்மா சிரிப்பாவன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. கொண்டுபோய் வச்சா. மறுநாள் பாத்தா எங்க கக்கூஸ் பக்கத்துல கெடக்கு. அவளே வந்து எடுத்துட்டு வந்து, கால ஒட்டணும் சித்தின்னா."

எனக்கு எப்படித் தெரியும் தங்கச்சி? ஒரு பேரு எழுதி வைக்கலாம்லா? ஒரு வார்த்தை, "எம்மா, இது நான் செஞ்சது"ன்னு சொல்லலாம்லா? சொன்னா நான் என்ன, வச்சிருக்க மாட்டேனா? சரி, அந்த எடத்துல வச்சிருக்க மாட்டேன். பின்னால எங்கயாவது வச்சிருப்பேன். பிலோ உள்ள போய் அதக் கொண்டுவந்து நீட்டுனா. "நீங்களே வச்சுக்கோங்கக்கா"ன்னா. நான் வாங்கல. அந்தக் கோவத்துல யாரு வாங்குவா? அப்புறம் எத்தனையோ தடவை கேட்டு வாங்கிருவமான்னு நினைச்சேன். வெக்கமா இருக்கு. அவ வாசல்ல போய் நின்னு நான் கேக்கவா? அவகிட்டயா?

இத்தோட விட்டா சரிப்படாதுன்னுதான் சூன் மாசமே ஹாஸ்டல்ல சேத்தேன். அந்த வீட்டுப் பழக்கம் ஒட்டிக்கிட்டா பிள்ளை உருப்படாது. நல்ல ஸ்கூல். சுத்தமான இடம். பெட்டுல ஒரு சுருக்கம் இருக்காது. ஹாஸ்டலுக்குப் போறியான்னு கேட்டேன், "சரிம்மா"ன்னா. ஒரு அழுகை கிடையாது. அவளே பெட்டிய அடுக்கிட்டா. மத்த பிள்ளையெல்லாம் கேட்டப் பிடிச்சுக்கிட்டுக் கதறுது, இவ எனக்கு டாட்டா காட்டிட்டு, திரும்பிப் பாக்காம நடந்து போனா. கூட நின்ன அம்மாக்காரியெல்லாம், "உங்க பிள்ளை எவ்வளவு தைரியம்"னு கேட்டாளுவ. வளத்த விதம் அப்படி.

இப்பப் பேச்செல்லாம் மாறிட்டு. முந்தியெல்லாம், "எம்மா, நீ இங்க வா, நீ இதப் பாரு"ன்னு கத்திக்கிட்டு இருப்பா. இப்ப, "நீங்க சாப்பிட்டீங்களாம்மா, நீங்க பஸ்லயா வந்தீங்க"ன்னு வெளியாள்கிட்டப் பேசுத மாதிரி அவ்வளவு மரியாதை. 

இன்னைக்கு அரைப்பரீட்சை லீவு விட்டுட்டாவ. கூட்டிட்டு வரத்தான் போனேன். காலையில ஏழு மணிக்கே போய்ட்டேன், நான்தான் முதல் ஆளு. எல்லாப் பிள்ளையும் பெட்டியோட ஓடி வருது, அம்மாவக் கட்டிப் பிடிக்குது, அந்த எடமே சந்தை மாதிரி. இவ மெதுவா இறங்கி வாரா. கையில பெட்டி இல்ல.

"பெட்டிய எங்கட்டி?"ன்னேன்.

"குடில் ஆரம்பிச்சிட்டீங்களாம்மா?"ன்னா.

"கேப்பை வெதச்சு நாலு நாள் ஆச்சு. இனிமேதான் மலை கட்டணும்."

"அப்ப முடிச்சிட்டுச் சொல்லுங்கம்மா, வாரேன். ஊருக்குப் போகாத பிள்ளையளும் இங்க இருக்காங்க. சிஸ்டர்கிட்ட நான் கேட்டுட்டேன், இருக்கலாம்னு சொல்லிட்டாங்க. நான் வந்தா உங்களுக்கு வேலை ஓடாதுல்லா."

பத்து வயசுப் பிள்ளை தங்கச்சி. எனக்கு வேலை ஓடாதுன்னு அவளுக்குத் தெரியுது பாருங்க. இந்தப் புத்தி எந்தப் பிள்ளைக்கு வரும்? அந்த ஹாஸ்டல் சிஸ்டரு என்னய ஒரு மாதிரியாப் பாத்தாவ. பாக்கட்டும். நான் கொண்டுபோன முறுக்கு, அதிரசம் எல்லாத்தையும் கொடுத்தேன், தேங்க்ஸ்மான்னு ரெண்டு கையால வாங்கிக்கிட்டா. கன்னத்தத் தொடலாம்னு கையத் தூக்குனேன், அதுக்குள்ள அவ குனிஞ்சு, கீழ வச்ச பலகாரப் பைய எடுத்துட்டா.

இல்ல, அழல, நான் எதுக்கு அழணும்? பிள்ளை கெட்டுப் போனவளாட்டமா பேசுனா? அடங்கிப் பேசுனா. பக்கத்து வீட்டுச் சித்தி எப்படி இருக்காவன்னு கூட ஒரு வார்த்தை கேக்கல. நானும் வாசல் வரைக்கும் வந்துட்டு, மனசு கேக்காமத் திரும்பிப் போய்ச் சொன்னேன். "ஏட்டி, இந்த வருசம் மலை கூட வேண்டாம், அருவி வேண்டாம், சும்மா சுரூபத்த மட்டும் எடுத்து வச்சிட்டு மூணே நாள்ல முடிச்சிருதேன், வந்து கூட்டிட்டுப் போறேன்"னு. நான், இந்தக் கிளாடிஸ், அருவி வேண்டாம்னு சொன்னேன்! அவ சிரிச்சா. நல்ல பிள்ளையாச் சிரிச்சா. அப்புறம் என் கையத் தட்டிக் கொடுத்துட்டு, பெரிய மனுசி கணக்கா, "அவசரமில்லம்மா, பையச் செய்யுங்க"ன்னா.